திறந்த வீடும் ஆளுயரப் படியும்

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்றைப் போற்றுமுன் அச்சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். ஆங்கிலத்தார் விலையின்றிக் கிடைப்பதற்கும், கட்டின்றி ஆளத்தக்கதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடர்ப்படுகின்றனர். 1983ஆம் ஆண்டு இரிச்சர்டு சுடால்மன் தம் முயற்சியைத் தொடங்கிய நாள்தொட்டு, தாம் பேசுவது விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது என்று அவ்வியக்கத்தார் ஓயாது விளக்கம் கூறவேண்டியதாயிற்று. இத்தொல்லை தமிழுக்கு இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. விலையின்றிக் கிடைப்பதை நாளைக்கு விலைகூறிப் பறித்துக்கொள்ளலாம். கட்டற்றதைப் பறிக்க எவராலும் இயலாது.

ஆயினும் சொல் தெளிவாயிருந்தால் மட்டும் போதுமோ? வீட்டின் உரிமையை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, வாயிற்படியை ஆளுயரத்திற்குக் கட்டிவைத்தவனை வள்ளல் என்பார் யார்? ஏறமாட்டாமல் திரும்பியவனைப் பார்த்து, 'உனக்கு உரிமை இருக்கிறதே, ஏன் உள்ளே வரவில்லை?' என்று கேட்பது அறமா, ஏளனமா? மின்சுற்றுப் பலகை வரையும் கட்டற்ற மென்பொருள்களின் வரலாற்றில் இக்கேள்வி கால்நூற்றாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு நேர்மையான விடை கூறாமல், புகவந்தவன் தலையிலேயே பழியைப் போட்டு வந்தோர் பலர்.

தொழில் இன்னதென்று முதலில் அறிதல் நலம். மின்னணுக் கருவி எதைத் திறப்பினும் உள்ளே ஒரு பலகை கிடக்கும். கண்ணாடியிழைத் தகட்டின்மேல் செப்பேட்டை ஒட்டி, வேண்டிய தடங்களை மட்டும் விட்டு, எஞ்சிய செம்பை அரித்து நீக்கிச் செய்வது அது. அதை வரைவோன் முதலிற் சுற்றுப்படம் எழுதுகிறான். எதனோடு எது இணையவேண்டும் என்பதை மட்டுமே அப்படம் காட்டும். பொருள் எவ்வளவு பெரிது, கால்கள் எங்கே என்பன அதில் இல்லை. பிறகு ஒவ்வொரு குறிக்கும் உரிய அடித்தடத்தைச் சேர்க்கிறான். உறுப்பின் கால்கள் எங்கெங்கு ஊன்றும், துளை எவ்வளவு, பற்றவைக்கும் செப்புத்திட்டு எவ்வளவு என்பதே அடித்தடம். அதன்பின் உறுப்புகளைப் பலகைமேல் அடுக்கிச் செப்புத்தடங்களை இழுக்கிறான். முடிவில் கெர்பர் என்னும் வடிவில் கோப்புகளை எழுதிப் பலகை செய்யும் பட்டறைக்கு விடுக்கிறான். அங்கே அவன் பிழையைத் திருத்துவார் இல்லை. வரைந்தது வரைந்தபடியே செம்பில் வந்து நிற்கும்.

இத்தொழிலுக்கென்றே உள்ள இடர்கள் உண்டு. அவற்றை எந்த மென்பொருளும் முற்றும் நீக்கிவிட முடியாது. பி.சி. 547 என்னும் திரிதடையமும் 2 என் 3904 என்னும் திரிதடையமும் ஒரே அளவினவாய், ஒரே கருநிற உடலினவாய் இருக்கும். தட்டையான முகத்தைத் தன்பக்கம் திருப்பி, கால்களைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பார்ப்பவனுக்கு முன்னதில் ஏற்பி, அடி, உமிழி என்று இடமிருந்து வலமாக வரும். பின்னதில் உமிழி, அடி, ஏற்பி என்று தலைமாறி வரும். இதைப் பாராமல் அடித்தடம் சேர்த்தவன் பலகை வேலை செய்யாது. இது தொழிலின் கடுமை. கற்பவன் பட்டுத்தான் அறியவேண்டும். அதில் முறையீட்டிற்கு இடமில்லை. ஆனால் கருவியின் முரட்டுத்தனத்தையும் தொழிலின் கடுமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'மின்னணுவியல் அப்படித்தான், முயலாதவன் விலகிப் போகட்டும்' என்று பேசுவது இருக்கிறதே, அதுவே கண்டிக்கத்தக்கது.

கிகாட் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். இத்துறையில் அதுவே தலையாயது. பிரெஞ்சு நாட்டில், கிரெனோபிள் நகரத்துப் பல்கலைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் பணியாற்றிய சான் பியேர் சாராசு என்பார் 1992இல் அதை எழுதத் தொடங்கினார். ஒரு தனி மாந்தர், தம் உழைப்பை உலகிற்குக் கட்டின்றி ஈந்தார். அவர் பெருமையைக் குறைத்துப் பேச எவர்க்கும் வாயில்லை. அம்மென்பொருளின் பழைய பலகைக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். ஒரே மின்னழுத்தத்தில் இணைந்து நிற்கும் கால்களின் தொகுதிக்கு அங்கே 'எக்கிபோ' என்று தலைப்பிட்டிருக்கும். அளவுக்கோட்டிற்குக் 'கொத்தாசியோன்' என்று பெயர். இரண்டும் பிரெஞ்சுச் சொற்களினின்று வந்தவை. கணிப்பொறி உலகம் ஆங்கிலத்தில் மட்டுமே எண்ணும் என்று நம்புவோர், தம் தாய்மொழியில் எண்ணித் தம் கருவியைச் செய்துகொண்ட அவரைப் பார்த்தாவது தெளியலாம்.

இத்தகைய நற்கருவியின் உள்ளே புதியவன் ஒருவன் புகுந்தபோது என்ன கண்டான்? 2015ஆம் ஆண்டின் இறுதியில் 4ஆம் பதிப்பு வந்த காலம்வரை நிலைமை இதுதான். சுற்றுப்படம் வரைவது ஒரு நிரல். அடித்தடம் சேர்ப்பது இன்னொரு நிரல். பலகை வரைவது மூன்றாவது நிரல். ஒன்று செய்ததை மற்றொன்று தானாக அறியாது. சுற்றுப்படத்தை முடித்தவன் இணைப்புப் பட்டியல் என்னும் கோப்பைத் தன் கையால் எழுதச் செய்து, பலகை நிரலுக்குள் சென்று, அக்கோப்பைத் தேடிப் படிக்கச் செய்யவேண்டும். ஒரு மின்தடையைக் கூட்டினால் இவ்வளவும் மறுபடியும் நடக்கவேண்டும். மறந்தால் படமும் பலகையும் வேறுவேறாய் நிற்கும். ஒருவன் எழுதிய மடலை அடுத்த அறையில் இருக்கும் தன் உடன்பிறந்தானிடம் கொடுக்க ஊர் அஞ்சலகத்திற்குச் சென்று தலையொட்டிப் போடவேண்டும் என்பது போன்ற முறை இது!

அதனினும் வேடிக்கை திரைமுறை. பலகை வரையும் நிரலில் ஒரே படத்தை மூன்று விதமாய்க் காட்டும் முறைகள் இருந்தன. விசைப்பலகையின் மேல்வரிசை விசைகளால் ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவவேண்டும். முன்னிருக்கும் தடத்தை இடித்து விலக்கிக்கொண்டு புதுத்தடம் போடும் அருமையான வழி புதிய திரைமுறைகளிலேதான் கிட்டும். பழைய முறையில் இருந்த வேறு சில வசதிகளோ புதியதில் இல்லை. பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டே செய்து பார்ப்பவன் அதில் சொல்லிய கட்டளை தன் திரையில் இல்லையே என்று திகைப்பான். அவன் நிற்பது வேறு திரைமுறை என்று அவனுக்கு எவர் சொல்வார்?

சுற்றுப்பட நிரலில் சுட்டியால் ஒரு கட்டம் இழுத்துச் சில உறுப்புகளைத் தேர்ந்தெடுக்க நினைத்தால், தேர்வதற்கு மாறாக அவை அப்படியே பெயர்ந்து சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். வேறெந்த மென்பொருளிலும் பழகிய கை இங்கே பொய்த்துப் போகும். இருமுனையத்தின் குறியில் கால்களுக்கு எழுத்துப் பெயரும் அடித்தடத்தில் எண்பெயரும் இருந்த பழைய நூலகங்களும் உண்டு. இரண்டும் ஒரே மென்பொருளோடு வந்தவை. ஆயினும் ஒன்றையொன்று அறியா. இதில் எங்கே இருக்கிறது மின்னணுவியலின் கடுமை? இவற்றுள் எதைக் கற்றுக்கொண்டால் ஒருவன் சிறந்த பொறிஞனாவான்?

பழகியோர் இதற்குக் கூறிவந்த மறுமொழிகளைக் கேட்டால் நகைப்பு வரும். கையேடு இருக்கிறதே, படிக்கவேண்டியதுதானே என்பது ஒன்று. கதவின் கைப்பிடியைக் கதவில் வைக்காமல் கூரையில் வைத்துவிட்டு, அது கூரையில் இருப்பதைப் பற்றி நூல் எழுதி வைப்பதற்குப் பெயர் கையேடு அன்று. தமக்கு இவ்வளவும் கடினமாய்த் தோன்றவில்லையே என்பது இன்னொன்று. தோன்றாதுதான், பத்தாண்டு நடந்த காலுக்கு முள் தெரியாது. முதல்நாள் பட்ட துன்பத்தை அவர்கள் மறந்துவிட்டனர். அல்லது மறவாமல், தாம் பட்டதைப் பிறரும் படட்டும் என்றிருக்கின்றனர். மாமியார்க் கொடுமையைப் பட்டு வந்த மருமகள் தானும் மாமியாரானால் நடப்பது இல்லறத்தில் மட்டுமன்று போலும்.

கூலியின்றி உழைக்கும் தொண்டரிடம் குறை சொல்லலாமா என்பது மட்டும் சற்றே எண்ணத்தக்க மறுமொழி. தொண்டரை இகழ்தல் கூடாது என்பது உண்மையே. உப்பிட்டவனை உள்ளளவும் நினைக்கவேண்டும். ஆனால் குறை சொல்வது வேறு, இகழ்வது வேறு. 'நான் இவ்விடத்தில் இடறினேன்' என்று புதியவன் ஒருவன் வந்து சொல்வானாயின், அவன் அத்தொண்டிற்குத் தன் பங்கைச் செலுத்துகிறான் என்றே கொள்ளவேண்டும். பழகியவன் தானாக ஒருபோதும் காணமுடியாத ஒன்றை அவன் கொண்டுவந்து தருகிறான். அந்தப் பார்வை சில நாளில் அவனிடமிருந்தும் போய்விடும். பழகியபின் அவனும் இடறமாட்டான். கெடுவதற்குமுன் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டிய பண்டத்தைக் குப்பையென்று எறிந்தவர்கள், பிறகு நுழைவார் இல்லையே என்று வருந்தியது யார் குற்றம்?

நுழையாதவன் வீட்டிலே உறங்கிக் கிடக்கவில்லை. அவன் வேறிடம் போனான். செருமனியின் கேட்சாப்ட்டு நிறுவனம் 1988இல் வெளியிட்ட ஈகிள் என்னும் மென்பொருள் அவனை வரவேற்றது. அதன் விலையில்லாப் பதிப்பில் பலகையின் பரப்பிற்கும் அடுக்கிற்கும் அந்நாளில் வரம்பு இருந்தது. 100 மில்லிமீட்டருக்கு 80 மில்லிமீட்டர், இரண்டே அடுக்கு. தொடக்கக்காரனுக்கு அது போதும். ஈகிள் எளிதானது என்றும் எவரும் எண்ணிவிட வேண்டா. முதலிற் கட்டளையைச் சொடுக்கிப் பிறகு பொருளைச் சொடுக்கும் அதன் முறையும் புதியவனைத் திணறடிப்பதே. பின் ஏன் அங்கே கூட்டம் சேர்ந்தது? உறுப்பு விற்போர் அதற்கு நூலகம் செய்து வைத்தனர். பாடம் எழுதுவோர் அதற்குப் பாடம் எழுதினர். பக்கத்திலிருப்பவனைக் கேட்டால் அவனுக்கும் அது தெரிந்திருந்தது. கருவியின் எளிமை கருவிக்குள் மட்டும் இல்லை, அதைச் சுற்றியும் இருக்கிறது என்பதைக் கட்டற்ற தரப்பார் மிகக் காலந்தாழ்ந்தே உணர்ந்தனர்.

இதன் விளைவு ஒரு பெரிய முரண். இத்தாலியின் இவ்ரியாவில் 2005இல் பிறந்த ஆர்டுயினோப் பலகை, வன்பொருளையும் கட்டற்றதாக்கலாம் என்று உலகிற்குக் காட்டியது. அதன் வரைவுகள் எவரும் எடுத்துச் செய்துகொள்ளுமாறு வெளியிடப்பட்டன. எந்த வடிவில்? ஈகிள் கோப்பாக! அக்கோப்பு வடிவமோ அந்நாளில் அதன் உடைமையாளர்க்கு மட்டுமே தெரிந்த மறைபொருள். பிறர் படிக்கத்தக்க எழுத்துவடிவம் ஈகிளின் 6ஆம் பதிப்பில்தான் வந்தது. திறந்த நெஞ்சோடு எழுதியதைப் பூட்டிய பேழையில் வைத்துப் பேழையை ஊரார்க்கு வழங்கிய கதை இது. ஆர்டுயினோ செய்தோரைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் கைக்கு எட்டியதை எடுத்தனர். கட்டற்ற கருவி எட்டாத உயரத்தில் இருந்தது.

பேழையின் திறவுகோல் பிறகு கைமாறத் தொடங்கியது. 2009இல் பார்னெல் என்னும் உறுப்பு வணிக நிறுவனம் கேட்சாப்ட்டை வாங்கியது. 2016இல் ஆட்டோடெசுக்கு நிறுவனம் அதனிடமிருந்து ஈகிளை வாங்கியது. 2017இன் தொடக்கத்தில், ஒருமுறை விலைகொடுத்து என்றும் ஆளும் முறை ஒழிந்து, காலந்தோறும் பணம் கட்டும் முறை வந்தது. உரிமை வீடென்று நம்பிக் குடிபுகுந்தவன் குடிக்கூலிக்காரன் ஆனான். 2023இல், ஈகிளின் விற்பனையும் ஆதரவும் 2026 சூன் 7ஆம் நாளோடு முடியும் என்னும் அறிவிப்பும் வெளிவந்தது. சட்டப்படி அந்நிறுவனம் செய்ததில் தவறில்லை. உடைமை அவர்களுடையது; விற்பதும் நிறுத்துவதும் அவர்கள் விருப்பம். பல்லாண்டுகளாகத் தன் வரைவுகளையெல்லாம் அவ்வடிவில் எழுதி வைத்தவன் எவரிடம் முறையிடுவான்? புதியவர்க்கு எளிமை வேண்டும் என்பதை ஏதோ அழகுபடுத்தும் வேலை என்று எண்ணி ஒதுக்குவோர் இவ்விடத்தில் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். படியைத் தாழ்த்தாமையால் வெளியே நின்றவன் வெயிலில் மட்டும் நிற்கவில்லை. அடிமைச் சீட்டில் கையொப்பமும் இட்டுவிட்டான்.

நற்காலமாக இந்நிலையை உணர்ந்த ஓர் இடம் இருந்தது. செனீவாவிற்கு அருகே அணுத்துகள்களை முடுக்கி மோதவிட்டு ஆயும் செர்ன் ஆய்வகமே அது. தன் கருவிகளின் வரைவுகளைப் பிறரோடு பகிரவேண்டி 2009இல் திறந்த வன்பொருட் களஞ்சியம் ஒன்றையும், 2011இல் அதற்கென உரிமம் ஒன்றையும் அவ்வாய்வகம் உண்டாக்கியது. பகிர்ந்த வரைவைப் பெறுபவன் பெரும்பொருள் கொடுத்து மென்பொருள் வாங்கினால்தான் அதைத் திறக்கமுடியும் எனின், பகிர்ந்ததாய் ஆகுமா என்னும் கேள்வி அங்கே எழுந்தது. 2013 முதல் செர்ன் பொறிஞர் கிகாட்டிற்குத் தம் உழைப்பைத் தரலாயினர். தடத்தை இடித்து விலக்கிப் போடும் வழி அவர்கள் ஈந்ததே.

அதன்பின் நடந்ததைப் பார்த்தால், முன்பு கூறப்பட்ட மறுமொழிகள் அனைத்தும் எவ்வளவு பொய் என்பது விளங்கும். 2018இல் வந்த 5ஆம் பதிப்பில், சுற்றுப்படத்திலிருந்து பலகையைப் புதுப்பிக்க ஒரே கட்டளை போதும் என்றாயிற்று. கோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை அலையும் வேலை ஒழிந்தது. 2021ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் வெளிவந்த 6ஆம் பதிப்பில், சுற்றுப்பட நிரலில் தேர்வதும் பெயர்ப்பதும் பிற மென்பொருள்களில் உள்ளவாறே அமைந்தன. பழைய திரைமுறையும் போய்விட்டது. மின்னணுவியல் இதனால் தாழ்ந்துவிட்டதா? பொறிஞர் மழுங்கிவிட்டனரா? எந்தக் குறைகளைச் சொல்லியதற்காகப் புதியவன் சோம்பேறி என்று ஏசப்பட்டானோ, அவை குறைகளே என்பதை மென்பொருளை ஆக்குவோரே திருத்திக் காட்டிவிட்டனர். ஏசியவர்கள் மட்டும் ஏசியதைத் திரும்பப் பெறவில்லை.

எளிமை என்றவுடன் பொம்மை என்று அஞ்சுவோர் செருமனியின் பொத்சுடாம் நகரத்தில் 2007இல் தொடங்கிய பிரிட்சிங் என்னும் மென்பொருளைக் காட்டுவர். கம்பி செருகும் ஆய்வுப் பலகையை உள்ளது உள்ளவாறே திரையில் வரைந்து காட்டும் அது, ஓவியம் பயில்வோரும் பள்ளிச் சிறுவரும் மின்சுற்றைத் தொட வழிசெய்தது. பெரிய பலகைக்கு அது போதாது என்பதும் மெய்யே. வாயில் அகலம், வீடு சிறிது. அதற்காகப் பெரிய வீட்டிற்கு வாயில் குறுகலாய்த்தான் இருக்கவேண்டும் என்று எந்தக் கொத்தனார் சொன்னார்?

கிகாட்டின் படி முற்றும் தாழ்ந்துவிட்டதா எனின், இல்லை. எஞ்சியிருப்பதற்கு ஒரு சான்று போதும். புதியவன் ஒருவன் தன் முதற் சுற்றுப்படத்தில் மின்கலத்திற்கான இணைப்பியை வரைந்து, அதிலிருந்து கம்பியிழுத்து ஒரு நுண்சில்லின் மின்வரவுக் காலில் சேர்க்கிறான். இணைப்பு முற்றும் சரி. பின் சுற்றுநெறிச் சரிபார்ப்பை ஓட்டுகிறான். மின்வரவு முனையை எந்த மின்வழங்கு முனையும் இயக்கவில்லை என்று பிழை காட்டுகிறது. அவன் கம்பியை அழித்து மீண்டும் இழுக்கிறான், அதே பிழை. உறுப்பை மாற்றுகிறான், அதே பிழை. உண்மை என்னவெனின், இணைப்பியின் கால்கள் மின்சாரம் வழங்குவன என்று மென்பொருளுக்குத் தெரியாது. அவற்றை அது செயலற்ற கால்கள் என்றே கணக்கில் வைத்திருக்கிறது. அக்கம்பியில் பவர் பிளாக் என்னும் கொடிக்குறி ஒன்றை நட்டால் பிழை மறைந்துவிடும். செம்பில் அக்கொடிக்கு எந்தச் செயலும் இல்லை. சரிபார்ப்பவனுக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே. பழகியோர் அனைவரும் இதை அறிவர். பிழை அறிவிப்பிலோ கொடி என்னும் பேச்சே இல்லை.

சரிபார்ப்பு என்பது புதியவனுக்கு ஆசான் போன்றது. சரியாய்ச் செய்தவனைப் பிழையென்று கடிந்துவிட்டு, திருந்தும் வழியையும் சொல்லாத ஆசானிடம் மாணவன் கற்பது ஒன்றே: ஆசான் சொல்லைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது. அடுத்தமுறை மெய்யான பிழையையே அது காட்டினாலும் அவன் தள்ளிவிட்டுப் பலகையைப் பட்டறைக்கு விடுப்பான். செம்பில் வந்தபின் அழுவான்.

2019இல் இலினக்சு அறக்கட்டளையின் குடையின்கீழ் வந்தபின் கிகாட்டிற்குப் பொருள்வரவும் ஆள்வலியும் முன்னினும் கூடின. ஈகிள் கோப்புகளை அப்படியே திறந்து கிகாட் வடிவிற்கு மாற்றும் வழியையும் தொண்டர்கள் செய்து வைத்துள்ளனர். மூடும் வீட்டிலிருந்து தட்டுமுட்டுகளோடு புறப்பட்டு வருவோர்க்கு அவ்வழி பேருதவி. அவ்வாறு வருவோருள் ஒருவர் தம் பழைய வரைவைத் திறந்து சரிபார்ப்பை ஓட்டும் முதல்நாளிலேயே அந்தக் கொடியில்லாப் பிழையை எதிர்கொள்ள நேரலாம். கொடியை எங்கே நடவேண்டும் என்னும் ஒரு வரியை அப்பிழையின் அடியில் எழுதிச் சேர்க்க எத்தனை நாள் வேண்டும்?